சவூதி உதைபந்தாட்டம்: காசு வாங்கியதும் வாங்க முடியாததும்

2024ஆம் ஆண்டு ரமழான் இரவுகளில் எமது ஊர்களில் ஒரு புதிய காட்சியைக் காண முடிந்தது. தராவீஹ் முடிந்து வீடு திரும்ப வேண்டிய இளைஞர்கள் பள்ளிச் சந்தியில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். சவூதி அரேபியாவில் ரமழான் மாதத்துப் போட்டிகள் இரவு 10 மணிக்குத்தான் ஆரம்பமாகும். இலங்கை நேரப்படி நள்ளிரவு 12.30. ரொனால்டோவின் அல் நஸ்ர் ஆடும் நாளென்றால் ஸஹர் வரை தூக்கம் கிடையாது. மார்ச் 30ஆம் திகதி அல் தாய் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். ஏப்ரல் 2ஆம் திகதி அப்ஹா அணிக்கு எதிராக மீண்டும் மூன்று கோல்கள். அன்றைய போட்டி 8-0 என முடிந்தது. மறுநாள் தெருவில் மஞ்சள் ஜேர்ஸிகள் கூடிவிட்டன.

அந்த இளைஞர்களுக்கு அது விளையாட்டு. எம்மில் வேறு சிலருக்கு அது விளையாட்டையும் தாண்டிய விடயமாக இருந்தது. கரீம் பென்சீமா ஜித்தாவுக்கு வந்தபோது, ஒரு முஸ்லிம் நாட்டில், மக்காவுக்கு அருகில் வாழக் கிடைத்ததை மகிழ்ச்சியோடு சொன்னார். கான்டே, சாடியோ மானே, ரியாத் மஹ்ரெஸ், கூலிபாலி, யாசின் பூனூ என்று ஐரோப்பாவின் பெரும் கழகங்களில் ஆடிய முஸ்லிம் வீரர்கள் வரிசையாக வந்து இறங்கினார்கள். இதை உம்மத்தின் எழுச்சியாகவே முகநூலில் கொண்டாடியவர்கள் உண்டு. மறுபுறத்தில் ஐரோப்பிய ஊடகங்கள் பலவற்றுக்கு அது எண்ணெய்க் காசின் ஆடம்பர விளையாட்டு மட்டுமே.

இரு தரப்பும் அந்தப் பருவகாலத்தில் மைதானத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. 2034 உலகக் கிண்ணம் சவூதிக்கு என்று முடிவாகிவிட்ட இன்றைய நிலையில், அந்த 2023-24 பருவகாலத்தை ஆற அமரத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. வரப்போகும் பத்தாண்டுக்கு அது ஒரு முன்னோட்டம். அதில் எமது மக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒரே உரிமையாளர், நான்கு கழகங்கள்

கதை ஆரம்பமாவது 2023 ஜூன் 5ஆம் திகதி. அன்றுதான் சவூதியின் பொது முதலீட்டு நிதியம் நாட்டின் நான்கு பெரிய கழகங்களில் தலா 75 சதவீத உரிமையைக் கையேற்பதாக அறிவிக்கப்பட்டது. ரியாத்தின் அல் ஹிலால், அல் நஸ்ர். ஜித்தாவின் அல் இத்திஹாத், அல் அஹ்லி. இந்த நிதியத்தின் தலைவர் முடிக்குரிய இளவரசர் முஹம்மத் பின் ஸல்மான். 2021 ஒக்டோபரில் இங்கிலாந்தின் நியூகாஸில் யுனைட்டட் கழகத்தின் 80 சதவீதத்தை வாங்கியதும் இதே நிதியம்தான்.

அதன்பின் வந்த இரண்டரை மாதங்கள் உலக உதைபந்தாட்டச் சந்தையையே ஆட்டிவிட்டன. அந்தக் கோடைகாலத்தில் வெளிநாட்டு வீரர்களை வாங்குவதற்கு மட்டும் சவூதி கழகங்கள் சுமார் 957 மில்லியன் டொலர் செலவிட்டதாக டெலோயிட் நிறுவனம் கணக்கிட்டது. நெய்மாருக்கு மட்டும் ஏறத்தாழ 90 மில்லியன் யூரோ. வீரர்களுக்குக் கொடுத்த சம்பளம் இந்தக் கணக்கில் அடங்காது.

இங்கே ஒரு விடயத்தை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். சவூதி லீக் நேற்று முளைத்தது அல்ல. அல் இத்திஹாத் 1927இல் உருவான கழகம். அல் ஹிலால் ஆசியாவின் கழக சம்பியன் பட்டத்தை நான்கு முறை வென்ற அணி. வெளிநாட்டு நட்சத்திரங்களுக்குக் காசு கொடுப்பதும் அங்கே புதிதல்ல. 1970 உலகக் கிண்ணத்தை பிரேஸிலுக்காக வென்ற ரிவெலினோ 1978இலேயே அல் ஹிலாலுக்கு ஆட வந்தவர். ஆகவே வெறும் பாலைவனத்தில் திடீரென ஒரு லீக் கட்டப்பட்டது என்ற மேற்குலகக் கதை பிழையானது. புதிதாக இருந்தது செலவின் அளவும், அதை முடிவு செய்தவர் யார் என்பதும்தான்.

லீக்கில் 18 அணிகள். அவற்றில் நான்குக்கு ஒரே உரிமையாளர். ஐரோப்பியக் கண்டப் போட்டிகளில் ஒரே நபரின் கட்டுப்பாட்டிலுள்ள இரு கழகங்கள் ஒன்றாகப் பங்குபற்றுவதையே விதிகள் கட்டுப்படுத்துகின்றன. இங்கோ சம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் நால்வரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தார்கள். மற்ற 14 கழகங்களின் ரசிகர்கள் தங்கள் அணி எதற்காக ஆடுகிறது என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்வது இலகுவல்ல.

புள்ளிப்பட்டியல் சொல்லும் கதை

ஓகஸ்ட் 11ஆம் திகதி தொடங்கிய பருவகாலம் 2024 மே 27ஆம் திகதி முடிந்தபோது அல் ஹிலால் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. 34 போட்டிகள், 31 வெற்றிகள், 3 சமநிலைகள், 96 புள்ளிகள். அடித்த கோல்கள் 101, வாங்கியவை 23. இன்னும் மூன்று போட்டிகள் மீதமிருக்கையிலேயே கிண்ணம் உறுதியானது. எல்லாப் போட்டிகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 34 வெற்றிகள் பெற்று உலக சாதனையும் படைத்தார்கள். அதற்கு முன் அந்தச் சாதனை 27 வெற்றிகளுடன் வேல்ஸ் நாட்டின் ஒரு சிறிய கழகத்திடம் இருந்தது. லீக்கோடு சவூதி சுப்பர் கிண்ணத்தையும் மன்னர் கிண்ணத்தையும் ஹிலால் வென்றது.

அல் நஸ்ர் 82 புள்ளிகளோடு இரண்டாமிடம். அவர்களும் நூறு கோல்கள் அடித்தார்கள். அதில் 35 ரொனால்டோவுடையவை. லீக் வரலாற்றில் ஒரே பருவகாலத்தில் எவரும் அத்தனை கோல் அடித்ததில்லை. வேறு எந்த ஆண்டிலும் இது கிண்ணத்துக்குப் போதுமான ஆட்டம். ஆனால் ரொனால்டோவுக்குக் கிடைத்தது மன்னர் கிண்ண இறுதிப் போட்டியில் பெனால்டியில் தோற்றுவிட்டு மைதானத்தில் அழுத இரவு மட்டும்தான்.

மூன்றாமிடம் வந்த அல் அஹ்லிக்கு 65 புள்ளிகள். சம்பியனுக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையே 31 புள்ளிகள். அதே ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி 91, ஆர்சனல் 89. கடைசி நாள் வரை கிண்ணம் யாருக்கென்று தெரியாது. ரசிகனை அரங்குக்கு இழுப்பது அந்த நிச்சயமின்மைதான். சவூதி லீக்கில் ஒரு போட்டிக்கு சராசரியாக எட்டாயிரம் பேர் அளவிலேயே வந்தார்கள். ஜித்தாவில் இத்திஹாத், அஹ்லி ரசிகர்கள் அரங்கை நிரப்பிப் பாடினார்கள். சிறிய கழகங்களின் சில போட்டிகளையோ சில நூறு பேர்தான் நேரில் பார்த்தார்கள். ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

ஆனால் காசுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று இதிலிருந்து முடிவெடுத்தால் அதுவும் பிழை. நான்கு கழகங்களுக்கும் காசு இருந்தது. முதல் பருவகாலத்திலேயே அதைப் பலனாக மாற்றியது ஒன்று மட்டும்தான்.

நடப்புச் சம்பியனாக இருந்த அல் இத்திஹாதைப் பாருங்கள். பென்சீமா, கான்டே, பாபின்ஹோ என்று உலகமறிந்த மூவரைச் சேர்த்தார்கள். நவம்பரில் பயிற்றுவிப்பாளர் நூனோவை நீக்கினார்கள். பருவகால முடிவில் 54 புள்ளிகளுடன் ஐந்தாமிடம். அவர்களுக்கு மேலே நான்காமிடத்தில் நின்றது யார்? கஸீம் பிரதேசத்தின் புரைதா நகரைச் சேர்ந்த அல் தஆவுன். நிதியத்தின் காசு ஒரு றியாலும் கிடைக்காத கழகம். ஒற்றுமை என்று பெயர் வைத்த கழகத்தை ஒத்துழைப்பு என்று பெயர் வைத்த கழகம் முந்தியது.

அல் ஹிலால் வென்றதற்கும் காரணம் இருக்கிறது. அதிகம் செலவிட்டதும் அவர்கள்தான் என்பது உண்மை. ஆனால் மிகப் பெரும் விலை கொடுத்து வாங்கிய நெய்மார் அந்தப் பருவகாலத்தில் லீக்கில் ஆடியது மூன்றே போட்டிகள். ஒக்டோபரில் பிரேஸிலுக்காக ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அவரில்லாமலேயே அணி ஒரு தோல்வியும் இல்லாமல் ஓடியது. 2025 ஜனவரியில் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டபோது ஹிலாலுக்காக அவர் மொத்தம் ஏழு போட்டிகளில்தான் ஆடியிருந்தார். அணியைத் தாங்கியது வேறு விடயங்கள். ஸாலிம் அல் தவ்ஸரி, ஸஊத் அப்துல் ஹமீத் போன்ற உள்நாட்டு வீரர்களின் உறுதியான முதுகெலும்பு. அந்த முதுகெலும்புக்குப் பொருந்துமாறு தெரிந்தெடுத்த பூனூ, கூலிபாலி, ரூபன் நெவெஸ், மித்ரோவிச். ஏற்கனவே அந்தக் கழகத்தை அறிந்திருந்த பயிற்றுவிப்பாளர் ஜோர்ஜ் ஜேசுஸ். இருந்த வீட்டுக்கு மாடி கட்டியவர்கள் வென்றார்கள். அத்திவாரம் போடாமல் கூரையை வாங்கியவர்கள் நனைந்தார்கள்.

வெளியே போனபோது

உள்நாட்டில் யாரும் நெருங்க முடியாத இந்த அணிகள் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்களைச் சந்தித்தபோது நடந்தது இன்னொரு பாடம்.

2023 டிசம்பரில் ஜித்தாவிலேயே நடந்த கழக உலகக் கிண்ணத்தில் இத்திஹாதும் எகிப்தின் அல் அஹ்லியும் மோதின. கெய்ரோவிலிருந்து வந்தவர்கள் 3-1 என வென்றார்கள். பென்சீமாவின் பெனால்டியைக் கோல் காப்பாளர் முஹம்மத் அல் ஷினாவி தடுத்தார்.

2024 மார்ச்சில் ஆசிய சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன் அணி ரொனால்டோவின் அல் நஸ்ரைப் பெனால்டியில் வெளியேற்றியது. ஏப்ரல் 17ஆம் திகதி அரையிறுதியின் முதல் போட்டியில் அதே அல் ஐன், அல் ஹிலாலை 4-2 என வீழ்த்தியது. மொரோக்கோ வீரர் ஸுபியான் ரஹீமி மூன்று கோல்கள் அடித்தார். 34 வெற்றிகளின் தொடர் அங்கேதான் அறுந்தது. ரியாத்தில் நடந்த இரண்டாவது போட்டியை ஹிலால் 2-1 என வென்றும் போதவில்லை. கடைசியில் ஆசியக் கிண்ணத்தையும் அல் ஐனே தூக்கிச் சென்றது.

இதைச் சொல்வது சவூதி அணிகளைச் சிறுமைப்படுத்த அல்ல. பின்வந்த ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2025 மே மாதம் ஜித்தாவின் அல் அஹ்லி ஆசிய சம்பியனானது. 2022-23இல் இரண்டாம் பிரிவில் ஆடிய கழகம் அது. அதே ஆண்டு கழக உலகக் கிண்ணத்தில் அல் ஹிலால் ரியல் மட்ரிட்டோடு சமநிலை கண்டு, மான்செஸ்டர் சிட்டியை 4-3 என வென்றது. ஆக, முதலீடு வீணாகவில்லை. ஒரே கோடைகாலத்தில் அது பலன் தரவில்லை, அவ்வளவுதான். அணி என்பது காலம் எடுத்து உருவாவது.

ஆசனத்தில் அமர்ந்த கோல் காப்பாளர்

இந்தப் பருவகாலத்தின் உண்மையான விலையை அறிய ஒரேயொரு மனிதரைப் பார்த்தால் போதும்.

2022 நவம்பர் 22ஆம் திகதி கட்டாரில் சவூதி அணி மெஸ்ஸியின் ஆர்ஜன்டீனாவை 2-1 என வென்ற அந்தப் பிற்பகலை எவரும் மறந்திருக்க மாட்டோம். அன்று கோல் கம்பங்களுக்கிடையே நின்று ஆர்ஜன்டீனாவைத் தடுத்தவர் முஹம்மத் அல் உவைஸ். அந்த உலகக் கிண்ணக் குழுவில் இருந்த 26 பேரும் சவூதி லீக்கில் ஆடியவர்கள். அவர்களில் பெரும் பங்கு அல் ஹிலால் வீரர்கள். பெரும் காசு வருவதற்கு முன் நடந்த வெற்றி அது.

ஒன்பது மாதங்கள் கழித்து அல் ஹிலால் மொரோக்கோவின் பூனூவை வாங்கியது. பூனூ உலகின் மிகச் சிறந்த கோல் காப்பாளர்களில் ஒருவர் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உவைஸின் இடம் மாற்று வீரர்களின் ஆசனத்துக்குப் போனது. வேறு கழகங்களிலும் கோல் காப்பாளர், நடுக்களம், முன்களம் என முக்கிய இடங்கள் வெளிநாட்டவருக்கே சென்றன. அந்தப் பருவகாலத்தில் ஓர் அணி எட்டு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம். அப்படியானால் பதினொருவரில் உள்நாட்டவருக்கு மீதமாவது மூன்று இடங்கள். அடுத்த பருவகாலத்தில் பதிவு செய்யக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கை பத்தாக உயர்ந்தது. அதில் இருவர் இளம் வீரர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

விளைவு தேசிய அணியில் தெரிந்தது. 2024 ஜனவரி 30ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவிடம் பெனால்டியில் தோற்று வெளியேறினார்கள். பயிற்றுவிப்பாளர் ரொபேர்டோ மன்சினி பெனால்டிகள் முடியும் முன்பே மைதானத்தை விட்டு நடந்தார். பின்னர் தனது வீரர்களுக்குக் கழகங்களில் ஆடும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்று அவர் வெளிப்படையாக முறையிட்டார். அந்த ஆண்டு ஒக்டோபரில் அவரும் போய்விட்டார். 2026 உலகக் கிண்ணத்துக்கான மூன்றாம் சுற்றுத் தகுதிகாணில் சவூதி 10 போட்டிகளில் அடித்தது 7 கோல்கள் மட்டுமே. நேரடியாகத் தகுதி பெற முடியாமல் இன்னொரு சுற்று ஆடி, 2025 ஒக்டோபரில் ஈராக்குடன் கோலின்றிச் சமநிலை பெற்றே உள்ளே நுழைந்தார்கள்.

நூறு கோல் அடிக்கும் கழகங்கள் இரண்டு இருக்கும் நாட்டில், தேசிய அணிக்குக் கோல் அடிக்க ஆள் இல்லை. 2022 குடிசன மதிப்பீட்டின்படி சவூதி குடிமக்களில் 63 சதவீதத்தினர் 30 வயதுக்குட்பட்டவர்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தத் திட்டம் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது பார்ப்பதற்கு நல்ல ஆசனம். ஆடுவதற்கான இடம் சுருங்கியது. ஸஊத் அப்துல் ஹமீத் 2024இல் இத்தாலியின் ரோமா கழகத்துக்குச் சென்றது நல்ல அடையாளம்தான். அவரைப் போல் பத்துப் பேர் போயிருந்தால் அதைத் திட்டத்தின் வெற்றி எனலாம்.

சில நல்லவற்றையும் மறைக்கக் கூடாது. 2018 ஜனவரியில்தான் சவூதிப் பெண்களுக்கு உதைபந்தாட்ட அரங்கின் கதவு முதன்முதலாகத் திறந்தது. இன்று பெண்களுக்கென்றே ஒரு பிரீமியர் லீக் அங்கே நடக்கிறது. குடும்பத்தோடு போய்ப் போட்டி பார்க்கும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் சாதாரணமாகிவிட்டது.

யாருடைய கறையை யார் கழுவுவது?

சவூதி உதைபந்தாட்டம் பற்றி எழுதும் மேற்குலக ஊடகங்கள் தவறாமல் பயன்படுத்தும் சொல் ஸ்போர்ட்ஸ்வொஷிங். விளையாட்டைக் காட்டி அரசின் கறைகளைக் கழுவுதல் என்று பொருள். ஜமால் கஷோக்ஜியின் கொலை, சிறையிலுள்ள உலமாக்களும் எழுத்தாளர்களும், மரண தண்டனைகள் என்று அவர்கள் அடுக்கும் விடயங்கள் கற்பனை அல்ல. சொல்பவர் யார் என்பதற்காக அவற்றை நாம் ஒதுக்கவும் கூடாது. விளையாட்டு முதலீடு தேசிய வருமானத்தை ஒரு சதவீதம் உயர்த்துமென்றால் அந்தப் பெயரைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று இளவரசரே 2023 செப்டெம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கேட்பவர்களிடமும் கேள்வி கேட்கலாம். 2003இல் ரஷ்யச் செல்வந்தர் ஒருவர் லண்டனின் செல்சி கழகத்தை வாங்கியபோது அதே ஊடகங்கள் கொண்டாடின. நியூகாஸில் கழகத்தைச் சவூதிக்கு விற்றவர்களும் ஆங்கிலேயர்களே. 2023 ஒக்டோபரில் காஸா மக்களுக்காகப் பென்சீமா ஒரு பதிவிட்டதும், பிரான்ஸின் உள்துறை அமைச்சர் அவருக்கு இஹ்வான்களுடன் தொடர்பு இருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். காஸா பற்றி எழுதியதற்காக அன்வர் அல் காஸி என்ற வீரரின் ஒப்பந்தத்தை ஜேர்மனியின் மைன்ஸ் கழகம் முறித்தது. அது பிழை என்று 2024 ஜூலையில் அந்நாட்டுத் தொழில் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அரசியலையும் விளையாட்டையும் கலக்கக் கூடாது என்ற உபதேசம் எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கப்படுவதில்லை.

இந்த இரட்டை வேடம் உண்மை. அதற்காக எமது அளவுகோலை நாம் விட்டுவிடத் தேவையில்லை. ஐரோப்பா அநியாயம் செய்கிறது என்பது ரியாத் செய்வதையெல்லாம் நியாயமாக்காது. முஸ்லிம் வீரர்கள் அங்கே ஆடுகிறார்கள், போட்டிகள் தொழுகை நேரங்களுக்கு இடங்கொடுத்து நடக்கின்றன என்பவை மனதுக்கு இதமானவை. ஒரு திட்டம் நீதியானதா என்பதை அவை மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்தக் காசு யாருடைய சொத்து, யாரைக் கேட்டுச் செலவிடப்படுகிறது, உழைப்பவருக்குக் கூலி நேரத்துக்குக் கிடைக்கிறதா என்ற கேள்விகள் மேற்குலகம் கற்றுத் தந்தவை அல்ல. எமது மார்க்கமே எமக்குக் கற்றுத் தந்தவை.

காசு நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனா உதாரணம். சில ஆண்டுகளுக்கு முன் சீனக் கழகங்களும் இதேபோல் பெரும் விலை கொடுத்து நட்சத்திரங்களை வாங்கின. 2020இல் லீக் சம்பியனான ஜியாங்சு கழகம் சில மாதங்களிலேயே கடையை மூடியது. சவூதியின் நிலை அத்தனை மோசமாகாது. அரசின் நோக்கமும் ஆழமானது, ரசிகர்களின் மரபும் பழையது. எனினும் 2024 கோடையில் செலவு கணிசமாகக் குறைந்ததைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் விலை இறங்கும்போது முதலில் வெட்டப்படுவது எது என்பது சவூதியில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

2034: எமக்கான கணக்கு

அந்தப் பருவகாலம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஒக்டோபர் 31ஆம் திகதி, 2034 உலகக் கிண்ணத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்த அவுஸ்திரேலியா விலகியது. களத்தில் சவூதி மட்டும் மிஞ்சியது. 2024 டிசம்பர் 11ஆம் திகதி வாக்கெடுப்பு இல்லாமல் கைதட்டலோடு அது உறுதியானது. சவூதியின் விண்ணப்பத்துக்குப் பீபா 500க்கு 419.8 புள்ளிகள் வழங்கியது. மனித உரிமை தொடர்பான ஆபத்து நடுத்தரமானது என்றும் குறிப்பிட்டது. ரொனால்டோவின் வருகையும் அந்தப் பருவகாலத்தின் ஆரவாரமும் எதற்காக என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஐந்து நகரங்களில் 15 அரங்குகள். அவற்றில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டப்பட வேண்டியவை. அரங்குகளோடு வீதிகள், ஹோட்டல்கள், ரயில் பாதைகள். இவற்றைக் கட்டப்போவது தென்னாசியாவிலிருந்து செல்லும் தொழிலாளர்கள். அவர்களில் எமது ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். கட்டாரில் 2022 உலகக் கிண்ணத்துக்கு முந்திய ஆண்டுகளில் தொழிலாளர் மரணங்கள், கிடைக்காத சம்பளம், பறித்து வைத்த கடவுச்சீட்டுகள் பற்றி உலகம் பேசியது. அந்த அழுத்தத்தால் அங்கே சட்டங்கள் சில மாறின. சவூதியும் 2021இல் தொழிலாளர் வேலை மாறுவதற்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கோடைகாலத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதியும் அங்கே இருக்கிறது. சட்டம் இருப்பது ஒன்று. அதைச் சொல்லிக் கேட்கத் தொழிலாளிக்குத் துணிவும் ஆதரவும் இருப்பது இன்னொன்று.

இங்கேதான் எமது பொறுப்பு தொடங்குகிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதே, ஒப்பந்தத்தைப் படித்து அதன் பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போ, முகவருக்கு வட்டிக்கு வாங்கிக் காசு கொடுக்காதே என்று ஜும்ஆ மேடையிலும் பள்ளி நிர்வாகத்திலும் சொல்ல இப்போதே தொடங்கலாம். வாப்பா கட்டிடத்தில் நின்று அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் பிள்ளை மஞ்சள் ஜேர்ஸி வாங்குகிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் சவூதி லீக் ஆரம்பமான நாளில், இலங்கைக்குச் சர்வதேச உதைபந்தாட்டம் ஆடும் உரிமையே இருக்கவில்லை. வெளியார் தலையீடு காரணமாக அந்த ஆண்டு ஜனவரியில் பீபா விதித்த தடை ஓகஸ்ட் இறுதியில்தான் நீங்கியது. புத்தளத்திலும் மன்னாரிலும் கிண்ணியாவிலும் கொழும்பின் ஒழுங்கைகளிலும் இரவு பகலாகப் பந்து உதைக்கும் பிள்ளைகள் எமக்கும் உண்டு. அவர்களுக்குத் தேவை ரொனால்டோ அல்ல. ஒழுங்காக நடக்கும் ஒரு லீக், ஒரு சமதரை மைதானம், பாடசாலைக்கு ஒரு பயிற்றுவிப்பாளர், அரசியல் தலையீடு இல்லாத ஒரு சம்மேளனம். கோடிக்கணக்கான டொலர் கொட்டிய லீக்கிலேயே உள்ளூர்ப் பிள்ளைக்கு ஆட இடம் கொடுக்காமல் தேசிய அணி தளர்ந்தது என்றால், ஒரு சதமும் செலவிடாத நாம் எதை எதிர்பார்ப்பது?

2034இல் ரியாத்தில் ஆரம்பப் போட்டி நடக்கும்போது எமது ஊர்களிலும் பெரிய திரைகள் கட்டப்படும். பார்க்கலாம், மகிழலாம், அதில் தவறில்லை. அன்று பந்து உருளும் முன் இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்வோம். சவூதி அணியின் கோல் கம்பத்துக்குக் கீழே நிற்கும் பையனுக்கு இடையிலிருந்த பத்தாண்டில் ஆட இடம் கிடைத்ததா? அந்த அரங்கின் தூணை நட்டவன் தன் முழுக் கூலியோடு வீடு வந்து சேர்ந்தானா?